படித்தேன் என்று போடும் கையெழுத்து

ஊழியர் கட்டாயம் படித்திருக்க வேண்டிய ஆவணங்கள் எல்லா வேலையிடத்திலும் உண்டு. அவை எத்தனை வகை என்பதை ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூரின் டோபி காட் ரயில் நிலையம் நல்ல இடம். ஒரு காலத்தில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்த ஓடைக்கரை அது. 1987 டிசம்பரில் வடக்கு-தெற்குப் பாதையும், 2003 ஜூனில் வடகிழக்குப் பாதையும், 2010 ஏப்ரலில் வட்டப்பாதையும் அங்கே வந்து சேர்ந்தன. முதல் பாதையையும் மூன்றாவதையும் எஸ்எம்ஆர்டி நடத்துகிறது, வடகிழக்குப் பாதையை எஸ்பிஎஸ் டிரான்சிட் நடத்துகிறது. பயணிக்கு அது ஒரே நிலையம். அங்கே வேலை பார்ப்பவருக்கோ நிறுவனம் இரண்டு, கட்டுப்பாட்டு மையம் ஒன்றுக்கு மேல். இரவில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கணக்கில் எடுத்தால் படிக்க வேண்டிய தாள்கள் இன்னும் கூடும்.

இந்தத் தாள்களின் ஆயுள் ஒன்றுபோல இருப்பதில்லை. விதிப்புத்தகம் பல ஆண்டு நிற்கும். ரிஸ்க் அசெஸ்மென்ட் எனப்படும் இடர் மதிப்பீடு ஒரு வேலைமுறை நீடிக்கும்வரை செல்லும். தண்டவாளத்தில் இறங்குவதற்கான பெர்மிட் ஓர் இரவோடு காலாவதியாகும். எந்த எஸ்கலேட்டர் பழுதில் நிற்கிறது, எந்த வாசல் மூடியிருக்கிறது என்ற அறிவிப்பு மாலைக்குள் பழசாகிவிடும். நெருக்கடிக் காலத் திட்டத்தைப் பல வருடம் யாரும் பிரிப்பதே இல்லை, பிரிக்க வேண்டிய நாளிலோ அதைப் படிக்க நேரம் இருக்காது. இவை அனைத்தையும் ஒரே மின்னஞ்சலில் இணைத்து, ‘படித்து ஒப்புதல் தரவும்’ என்று ஒரே வரி எழுதி அனுப்புவதுதான் அலுவலகங்களில் பரவலாக நடக்கிறது. ஆவணப் பொறுப்பில் இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது ஆயுளின்படி இவற்றைப் பிரிப்பது. தினமும் மாறுவதைப் பணி தொடங்கும் இடத்தில் வைக்க வேண்டும், அரிதாகத் தேவைப்படுவதைப் பயிற்சியில் வைக்க வேண்டும், நிரந்தரமானதை வேலை மேற்பார்வையில் சோதிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இதற்குச் சட்ட அழுத்தம் கூடியது ஒரு விபத்துக்குப் பிறகுதான். இன்று டோபி காட்டில் வந்து முடியும் அதே வட்டப்பாதையின் கட்டுமானத்தின்போது, 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து விழுந்து 4 பேர் இறந்தனர். அந்த ஆண்டு வேறு பெரிய விபத்துகளும் நடந்தன. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் 2006 மார்ச்சில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதன் கீழ் எழுந்த விதிமுறைகள் இடர் மதிப்பீட்டைக் குறைந்தது 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வை செய்யச் சொல்கின்றன. விபத்து நடந்தாலோ வேலைமுறை கணிசமாக மாறினாலோ அதற்கு முன்பே செய்ய வேண்டும். கண்டறிந்த ஆபத்தையும் அதற்கான கட்டுப்பாட்டையும் ஊழியருக்குத் தெரியப்படுத்துவதும் கடமை. 2011 செப்டம்பரில் சட்டம் எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. சுரங்கத்தில் கேபிள் இழுப்பவருக்கு இருக்கும் அதே உரிமை, மேலே பிளாசா சிங்கப்பூரா கடைத்தொகுதியில் துணி மடித்து வைக்கும் பெண்ணுக்கும் அன்றிலிருந்து உண்டு.

சட்டம் கேட்பது தெரியப்படுத்துவதை. நிறுவனம் சேர்த்து வைப்பது கையெழுத்தை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடப்பதுதான் ஆவணப் பொறுப்பாளரின் தொழில்.

காலையில் சைட்டில் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கைக் கவனித்தால் அந்தத் தூரம் கண்ணுக்குத் தெரியும். சூப்பர்வைசர் பேசத் தொடங்கும்போதே வருகைத்தாள் கிளிப் அட்டையில் புறப்பட்டுவிடும். பேனா ஒன்றே ஒன்று, அதுவும் நூலில் கட்டியது. ஹெல்மெட்டைக் கழற்றாமல், முன்னால் நிற்பவரின் முதுகைப் பலகையாக்கி ஒவ்வொருவரும் கிறுக்கிவிட்டுப் பின்னால் கொடுப்பார்கள். டாய்லெட்டுக்குப் போன கூட்டாளிக்கும் ஒருவர் சேர்த்துப் போட்டுவிடுவார். பேச்சு பாதியில் இருக்கும்போது தாள் முழுதாகத் திரும்பி வந்துவிடும். தணிக்கைக்கு வருபவர் பார்ப்பது அந்தத் தாளைத்தான். அதில் குறை எதுவும் இருக்காது. உண்மையில் எல்லாப் பெட்டியும் நிரம்பிய தாளைக் கண்டால் சற்றுக் கூடுதலாகச் சந்தேகப்படுவது நல்ல தணிக்கையாளரின் பழக்கம்.

தாள் சுத்தமாக இருந்தும் வேலை நடக்காமல் போவதற்கு இதே வடக்கு-தெற்குப் பாதையிலேயே சான்று இருக்கிறது. 2017 அக்டோபர் 7 அன்று பெருமழையில் பீஷானுக்கும் பிராடலுக்கும் இடையே சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து, ஏறத்தாழ 20 மணி நேரம் சேவை தடைப்பட்டது. நீரை வெளியேற்ற வேண்டிய பம்புகள் வேலை செய்யவில்லை. விசாரித்தபோது, செய்யப்படாத பராமரிப்பைச் செய்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது தெரிய வந்தது. அதற்கு மேல்நிலை ஒப்புதலும் இருந்தது. நிலப் போக்குவரத்து ஆணையம் எஸ்எம்ஆர்டிக்கு விதித்த அபராதம் 1.9 மில்லியன் வெள்ளி. தாளை மட்டும் பார்த்துத் தாளில் ஒப்புதல் இடும் சங்கிலி எவ்வளவு நீளமானாலும், பம்பின் அருகே போய் நின்ற ஆள் அதில் ஒருவர்கூட இல்லை என்றால் பயனில்லை.

அதற்காகக் கையெழுத்தே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அது எதற்குப் பொறுப்பேற்கிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்திய ரயில்வேயில் இதற்கு நல்ல மரபு ஒன்று உண்டு. ஒரு நிலையத்துக்குப் புதிதாக வரும் ஸ்டேஷன் மாஸ்டர் அந்த நிலையத்துக்கென்றே எழுதப்பட்ட செயல்விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டதாக அஷ்யூரன்ஸ் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் தனியாகப் பணியில் அமரலாம். விதி மாறினால் மறுபடி கையெழுத்திட வேண்டும். 1976ஆம் ஆண்டின் பொது விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. தன்னிடமுள்ள விதிப்புத்தகத்தில் எல்லாத் திருத்தங்களையும் சேர்த்து வைத்திருப்பது, மேலதிகாரி கேட்டால் எடுத்துக் காட்டுவது, தொலைந்தால் வேறு பிரதி பெறுவது, தன்கீழ் வேலை செய்வோருக்கும் திருத்தங்கள் போய்ச் சேர்ந்தனவா என்று பார்ப்பது ஆகிய அனைத்தும் ஊழியரின் கடமை. ஆனால் பிரதியையோ அதன் மொழிபெயர்ப்பையோ கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. பொறுப்பு இப்படி இரு பக்கமும் எழுதப்பட்டிருக்கும்போது கையெழுத்துக்குக் கொஞ்சம் கனம் வருகிறது. நிர்வாகம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே வாங்கும் கையெழுத்தை ஊழியர் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார், அதற்கேற்ற கவனத்தையே அதற்குக் கொடுப்பார்.

திருத்தம் என்றால் ரயில்வேக்காரருக்கு நினைவுக்கு வருவது கரெக்‌ஷன் ஸ்லிப். அச்சடித்து வரும் சிறு துண்டுத்தாளைக் கத்தரித்து, பழைய வரிகளின் மேல் ஒட்ட வேண்டும். அலுப்பூட்டும் வேலை. ஆனால் ஒட்டுகிறவர் எது போய் எது வந்தது என்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்தே தீர வேண்டும். விமானிகளுக்கான ஜெப்பசன் வரைபடக் கோப்புகளும் இதே வழியில் பிழைத்தவை. எந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும், எந்தப் பக்கத்தைச் செருக வேண்டும் என்ற பட்டியலோடுதான் திருத்தம் வரும். கணினி வந்த பிறகு இந்த உழைப்பு போயிற்று, அதோடு சேர்ந்து அந்தப் பார்வையும் போயிற்று. 80 பக்க நடைமுறையின் புதிய பதிப்பு வருகிறது, மாறியது எந்தப் பத்தி என்று யாரும் சொல்வதில்லை. முந்தைய பதிப்பைப் படித்தவர் இதை முழுதாக மறுபடி படிப்பார் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவம் அறியாதவர் செய்வது. முதல் பக்கத்தில் மூன்று வரி போதும்: முன்பு என்ன இருந்தது, இனி என்ன, ஏன். இந்த மூன்றில் ‘ஏன்’ என்பதைத்தான் அலுவலகங்கள் வழக்கமாக விட்டுவிடுகின்றன. காரணம் தெரியாத விதி அவசரம் வந்ததும் முதலில் கைவிடப்படும்.

புதியதை அனுப்புவதைவிடப் பழையதைத் திரும்ப வாங்குவது கடினம். தரமுறைக்கான ஐஎஸ்ஓ 9001, 1987இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இதை வலியுறுத்துகிறது, ஆனாலும் சான்றிதழ் வாங்கிய இடங்களிலும் பழைய பிரதி எங்காவது ஒளிந்திருக்கும். லாக்கர் கதவின் உட்புறம், கருவி அறையில் பிளாஸ்டிக் உறைக்குள், டிரைவரின் சன்வைசருக்குப் பின்னால். இப்போது இவற்றைவிடப் பெரிய கிடங்கு கைப்பேசி. அறிவிப்புப் பலகையிலிருந்து எடுத்த புகைப்படம் வாட்சப் குழுவில் போகிறது, அதிலிருந்து இன்னொரு குழுவுக்கு. பலகையில் தாள் மாறி ஆறு மாதம் ஆன பிறகும் புதிதாக வரும் ஆளுக்குச் சீனியர் அனுப்பிவைப்பது அந்தப் படத்தைத்தான், அதுவும் உண்மையான உதவி மனத்தோடு. தடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. படத்திலேயே காலாவதித் தேதி பெரிய எழுத்தில் தெரியும்படி தாளை அமைக்கலாம். பதிப்பு மாறும்போது தாளின் நிறத்தை மாற்றலாம். மஞ்சள் தாள் இனி செல்லாது என்று சொன்னால் அது எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் எட்டும்.

2020இல் கொரோனா பரவலால் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகள் அடைபட்டிருந்தபோது விதிகள் அடிக்கடி மாறின. யார் வேலைக்கு வெளியே போகலாம் என்ற சிக்கலான விதிமுறையை மனிதவள அமைச்சின் செயலி ஊழியரின் கைப்பேசியில் பச்சை, சிவப்பு என்று இரண்டே நிறமாக்கிக் காட்டியது. பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் போகக்கூடாது. ஆவணத்தைப் படிக்கும் சுமையை அது குறைத்தது உண்மை. ஏன் சிவப்பு என்று கேட்டவருக்கு அந்த நிறம் பதில் சொல்லவில்லை என்பதும் உண்மை.

மொழி இதில் தனி அத்தியாயம். தமிழகக் கிராமத்திலிருந்து வேலைக்கு வருபவருக்கு ஐபிஏ எனப்படும் முன் அனுமதிக் கடிதத்தை அவர் தாய்மொழியில், அவர் ஊரை விட்டுக் கிளம்புமுன் கொடுக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. வேலை நிபந்தனைகளை எழுத்தில், வேலையில் சேர்ந்த 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரலிலிருந்து நடைமுறை. 2018 அக்டோபரில் தொடங்கிய அறிமுகப் பயிற்சியும் ஊழியரின் மொழியிலேயே நடக்கிறது. அதாவது நுழைவாயிலில் தமிழ் இருக்கிறது. உள்ளே போகப் போகத்தான் அது குறைகிறது. அன்றாடம் மாறும் வேலைமுறைக் குறிப்பு ஆங்கிலத்தில் வரும், அதைத் தமிழும் வங்காளமும் சீனமும் பேசும் குழுவுக்கு யாராவது ஒருவர் வாய்மொழியாகச் சொல்வார். அந்த ஒருவர் அன்று விடுப்பில் இருந்தால் ஆவணமும் விடுப்பில்.

மொழிபெயர்ப்பிலும் ஓர் அபாயம் உண்டு. சைட்டில் எல்லோரும் ‘பெர்மிட்’, ‘ஹார்னஸ்’, ‘ஸ்டாண்ட்பை’ என்று பேசிக்கொண்டிருக்க, தாளில் மட்டும் ‘பணி அனுமதிப் பத்திரம்’, ‘உடற்கவசப் பட்டை’ என்று இருந்தால் அது தமிழாக இருந்தும் அந்நியமாகிவிடும். வேலை செய்பவர் வாயில் புழங்கும் சொல்லே தாளிலும் இருக்க வேண்டும். தூய்மைக்குப் பாடுபட வேறு இடங்கள் உண்டு.

இனி, படித்தும் புரிந்தும் கையெழுத்திட்டும் நடப்பில் தவறிப்போகும் வகை. எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். 2016 மார்ச் 22 அன்று பாசிர் ரிஸ் நிலையத்துக்கு அருகே தண்டவாளத்தில் ஒரு கருவியைப் பார்க்கச் சென்ற குழுவில் இளம் ஊழியர் இருவர் ரயில் மோதி இறந்தனர். குழு தண்டவாளப் பகுதிக்குள் போகுமுன் அந்தத் துண்டில் ரயிலின் வேகத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், ரயில் வருவதைப் பார்த்துச் சொல்லக் காவலாள் நிற்க வேண்டும் என்று நடைமுறை இருந்தது. தாளில் இருந்தது. அன்று நடக்கவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்கு முன்பும் தளத்தில் நடந்துவந்தது எழுத்தில் இருந்ததிலிருந்து விலகியிருந்தது என்பதே விசாரணையில் வெளிவந்தது. 2017இல் எஸ்எம்ஆர்டி நிறுவனத்துக்கு நீதிமன்றம் 400,000 வெள்ளி அபராதம் விதித்தது.

இறந்தவர்கள் பயிற்சியில் இருந்தவர்கள். புதிதாக வந்தவர் ஆவணத்திலிருந்து கற்பதில்லை, முன்னால் நடப்பவரைப் பார்த்துக் கற்கிறார். முன்னால் நடப்பவர் ஒரு படியை விட்டுவிட்டால், பின்னால் வருபவருக்கு அது விடுபட்ட படி என்றே தெரியாது. அவரைப் பொறுத்தவரை வேலை என்பதே அதுதான். ஆகவே ஊழியர் ஆவணத்தோடு ஒத்துப்போகிறாரா என்று அறிய அவரிடம் ஆவணத்தைப் பற்றிக் கேட்பதில் பலன் குறைவு. வேலை நடக்கும் நேரத்தில் தாளோடு போய், பக்கத்தில் நின்று, வரிக்கு வரி பார்க்க வேண்டும். ரயில் பாதையில் அந்த நேரம் கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் இடையிலான சில மணி நேரம். ஆவணத்தை எழுதுகிறவர்கள் பகல் வேலைக்காரர்கள் என்பதால் இந்தப் பார்வை பெரும்பாலும் நடப்பதில்லை. மாதத்தில் ஓர் இரவு விழித்திருப்பது ஐம்பது சுற்றறிக்கையைவிட அதிகம் சொல்லித்தரும்.

அரிதாகத் தேவைப்படும் ஆவணத்தின் கதை வேறு. 2006 ஜனவரி 8, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டன் குண்டுவெடிப்புக்கு அடுத்த ஆண்டு, ‘நார்த்ஸ்டார்’ ஐந்தாம் பயிற்சி சிங்கப்பூரில் நடந்தது. குண்டுவெடிப்பு நடந்ததாகப் பாவித்த நிலையங்களில் டோபி காட்டும் ஒன்று. காவல்துறை, குடிமைத் தற்காப்பு, ரயில் ஊழியர் எல்லோரும் சேர்ந்து திட்டத்தைத் தாளிலிருந்து தரைக்கு இறக்கிப் பார்த்தனர். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து, 2011 டிசம்பர் 15 மாலை, நெரிசல் நேரத்தில் வடக்கு-தெற்குப் பாதையில் மின்தண்டவாளம் பழுதாகி ரயில்கள் நின்றன. சிட்டி ஹாலுக்கும் டோபி காட்டுக்கும் இடையே சுரங்கத்தில் பயணிகள் அடைபட்டனர். காற்றில்லாமல் ஒருவர் தீயணைப்புக் கருவியால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். அன்று பாதிக்கப்பட்டோர் சுமார் 127,000 பேர். இரண்டு நாள் கழித்து மீண்டும் ஒரு தடங்கல். விசாரணைக் குழு பராமரிப்புக் குறைகளோடு, நெருக்கடியைக் கையாண்ட விதத்திலும் பயணிகளுக்குத் தகவல் சொன்ன விதத்திலும் குறை கண்டது. எஸ்எம்ஆர்டிக்கு 2 மில்லியன் வெள்ளி அபராதம்.

ஒத்திகை பார்த்தது குண்டுக்கு, வந்தது மின்தடை. நெருக்கடித் திட்டங்கள் இப்படிக் கடைசியாக உலகை உலுக்கிய ஆபத்தை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. அவற்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வதால் ஊழியர் தயாராகிவிடுவதில்லை. மாலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் திடீரென்று, ‘சுரங்கத்தில் ரயில் நிற்கிறது, விளக்கு இல்லை, முதல் போன் யாருக்கு?’ என்று கேட்டுப் பத்து நிமிடம் நடத்தும் சிறு ஒத்திகை அதைவிட உதவும். பக்கத்துப் பாதையை வேறு நிறுவனம் நடத்தும் நிலையத்தில், அந்த முதல் போனுக்கு அடுத்த போன் யாருக்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்பதிலும் முறை இருக்கிறது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் “ஓகே சார்” என்று குரல் ஒரே சமயத்தில் எழும். புரியவில்லை என்று சொல்ல வேலை அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருப்பவருக்குத் துணிவு வராது, ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் வேறு இருக்கும். அனுபவமுள்ள சூப்பர்வைசர் கேள்வியைத் திருப்பிப் போடுவார்: “தம்பி, நேத்து ஏறின பக்கமா இன்னைக்கும் ஏறப்போற?” “இல்லண்ணே, அங்க ஷீட் பிரிச்சிட்டாங்க, பின்பக்கம்.” இவ்வளவுதான் சோதனை. பதில் சொன்னவர் தாளைப் படித்தாரா, கூட்டாளி சொல்லிக் கேட்டாரா என்பது முக்கியமில்லை. மாற்றம் அவரை அடைந்துவிட்டது. பதில் வராவிட்டால் தவறு தாளிலா, சொன்ன விதத்திலா என்று பார்க்க வேண்டும். பதில் தெரியாதவரை எல்லோர் முன்பும் திட்டினால் அடுத்த நாளிலிருந்து பதில்கள் மனப்பாடமாக வரும்.

ஷிஃப்ட் மாறும் இடத்தில் தாளும் கை மாற வேண்டும். 1988 ஜூலையில் வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்ததற்குத் தொடக்கம், ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் பெர்மிட் இரவு ஷிஃப்ட்டின் கைக்குப் போகாததே. தாள் எழுதப்பட்டிருந்தது, கையெழுத்தும் ஆகியிருந்தது. அந்தப் பம்போடு சேர்த்து வைக்கப்படாமல் வேறு இடத்தில் இருந்தது.

மிச்சமிருப்பது ஆவணங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரு புதுத் தாள் சேரும், எதுவும் கழிவதில்லை. ஒருவர் தன் வேலைக்கு உண்மையில் படிக்க வேண்டியவை எவை என்று பதவி வாரியாகப் பட்டியல் போட்டால், பல இடங்களில் அது பாதிக்கும் கீழே சுருங்கும். டிக்கெட் கவுண்டரில் இருப்பவருக்கு உயரத்தில் வேலை செய்யும் நடைமுறை எதற்கு? எல்லாவற்றையும் எல்லோருக்கும் அனுப்புவது அனுப்பியவரின் மனநிம்மதிக்கு மட்டுமே உதவும். மூன்றாண்டு மறுபார்வையை இதற்குப் பயன்படுத்தலாம். அந்தக் காலத்தில் யாரும் ஒருமுறைகூடக் கேட்டு வராத நடைமுறையை எடுத்துவிடுவதா, வேறொன்றோடு சேர்ப்பதா என்று வேலை செய்பவரையே கேட்டு முடிவு செய்யலாம்.

அவரிடம் கேட்க இன்னொன்றும் உண்டு. தளத்தில் நடப்பது எழுத்திலிருந்து விலகியிருந்தால் எப்போதும் தளமே தவறு என்று கொள்ள வேண்டியதில்லை. பழைய கருவிக்கு எழுதிய வரிசை புதிய கருவிக்குப் பொருந்தாமல் இருக்கலாம், சில வேளை தாள் சொல்லும் வழிதான் ஆபத்தாக இருக்கும். அதைச் சொல்ல ஊழியருக்கு ஒரு வழி வேண்டும்: பணி அறையில் ஒரு நோட்டு, தாளின் எண், வரி, என்ன பிரச்சினை, யார் சொன்னது என்று நான்கு பத்தி, எந்த மொழியிலும் எழுதலாம். ஆவணப் பொறுப்பாளர் வாரம் ஒருமுறை அதைப் புரட்டி, திருத்தம் வருகிறதென்றால் எப்போது என்றும், வராது என்றால் ஏன் என்றும் எழுதி, கேட்டவரின் அடுத்த ஷிஃப்ட் தொடங்குமுன் அவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். திருத்தம் வரும்வரை அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதையும் அதே பதிலில் சேர்த்து எழுத வேண்டும்.